வேலிக்குள் வேட்டை
(முதற் சீலத்தைக் குறித்த ஒரு பாடம்)



பஞ்சசீலத்துள் முதலாவதாக நிற்பது உயிர்க்கொலையினின்றும் விலகுதல் என்னும் சீலம். இதனை நாம் காலையும் மாலையும் வாயாரச் சொல்லி வருகின்றோம். சொல்லுவது எளிது. நம்மில் எவரும் துப்பாக்கி ஏந்தித் திரிபவர் அல்லர். காட்டுக்குச் சென்று விலங்கைத் துரத்துபவரும் அல்லர். ஆகையால் இச்சீலம் நம்மிடத்தில் தானாகவே நிறைவேறிவிட்டது என்று எண்ணிக்கொள்ளுகின்றோம். ஆயினும், சந்தர்ப்பம் வாய்க்காமையால் ஒன்றைச் செய்யாதிருப்பது சீலம் ஆகாது. சந்தர்ப்பம் எதிரே வந்து கைநீட்டி அழைக்கும்போது விலகி நிற்பதே சீலம்.

அத்தகைய சந்தர்ப்பம் ஒன்று நம் அன்பர் குடும்பத்தில் நேர்ந்திருக்கின்றது. பெங்களூர் விவேக் நகரில் ஞாயிறுதோறும் நம்மோடு திரிசரணம் ஓதும் ஓர் உபாசகரின் மகன் கணினித் தொழில் நிமித்தம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்து வருகின்றார். அவருடைய மேலதிகாரி ஒரு விடுமுறை நாளில் தம் குழுவினரை வேட்டைப் பண்ணை ஒன்றுக்கு அழைத்திருக்கிறாராம். "கட்டணம் என்னுடையது, விரும்பினால் நீயும் ஒரு மானைச் சுடலாம். விருப்பமில்லையேல் உடன் வந்து நின்றாலே போதும்" என்பது அழைப்பு. சுடாமல் உடன் நிற்பதில் குற்றம் உண்டா என்று மகன் தந்தையைக் கேட்க, தந்தை நம்மைக் கேட்டார். இக்கேள்வி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் எல்லார்க்கும் பயன்படும்படி இதனை ஒரு பாடமாக எழுதுகின்றோம்.

1. வேட்டைப் பண்ணை என்பது யாது?

ஆடு மாடு வளர்ப்பதற்குப் பண்ணை இருப்பதுபோல, சுடப்படுவதற்காகவே மான் முதலியவற்றை வளர்த்து விடும் தனியார் நிலத்துக்கு வேட்டைப் பண்ணை என்று பெயர். நிலத்தைச் சுற்றிலும் மான் தாண்ட இயலாதபடி எட்டடி உயரத்துக்குக் கம்பிவேலி இருக்கும். உள்ளே தீனி போடும் இடங்களும், மறைந்திருந்து சுடும் மேடைகளும் உண்டு. வழிகாட்டி ஒருவர் உடன் வந்து, எந்த மானைச் சுடலாம் என்று சுட்டிக் காட்டுவார். விலை தலைக்கு இவ்வளவு என்பதும் உண்டு. கொம்பு பெரிதாகப் பெரிதாக விலை ஏறுவதும் உண்டு. சுட்டவர் மானின் தலையைப் பதப்படுத்திக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவார். இதற்குத்தான் ஆங்கிலத்தில் டிராபி என்று பெயர். வெற்றிச் சின்னம் என்று பொருள்.

இப்பண்ணைகளில் பெரிதும் விரும்பிச் சுடப்படும் இனங்களில் ஒன்று ஃபாலோ மான். நம் புள்ளிமானைப் போலவே இதன் உடலிலும் வெண்புள்ளிகள் உண்டு. ஆனால் கொம்பு வேறு. விரித்த உள்ளங்கைபோல அகன்று தட்டையாக இருக்கும். இம்மானின் தாயகம் துருக்கி நாட்டுப் பகுதி. ரோமானியரும், பின்னர் 11ஆம் நூற்றாண்டில் நார்மானியரும் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிரபுக்களின் மான்தோட்டங்களில் அடைத்து வைத்தனர். அங்கிருந்து வெள்ளையர் குடியேறிய நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்கும் இது சென்றது. மான் தானாகக் கடல் கடக்கவில்லை. வேட்டையாடும் ஆசையே அதனைக் கப்பலேற்றியது.

நம் நாட்டுப் புள்ளிமானும், திருகிய கொம்புடைய வெளிமானும் இதே வழியில் 1930களில் டெக்சாஸ் பண்ணைகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. அயல்நாட்டு இனம் ஆகையால் அம்மாநிலச் சட்டம் அவற்றை வேட்டைக்குரிய உள்நாட்டு விலங்குகளின் வரிசையில் சேர்க்கவில்லை. ஆதலின் அவற்றைச் சுட இன்ன பருவம் என்ற வரையறை இல்லை. ஆண்டு முழுவதும் சுடலாம். நம் மண்ணில் சட்டம் காக்கும் ஓர் உயிர், அம்மண்ணில் விலைப்பட்டியலில் ஒரு வரியாக நிற்கின்றது.

கொம்பைக் குறித்து ஒரு செய்தியை மாணாக்கர் கருத்தில் கொள்ளவேண்டும். ஆட்டுக்கும் வெளிமானுக்கும் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. புள்ளிமானுக்கும் ஃபாலோ மானுக்கும் அப்படியன்று. அவற்றின் கொம்பு எலும்பினால் ஆனது. ஆண்டுதோறும் முளைத்து ஆண்டுதோறும் உதிர்வது. முளைக்கும்போது மெல்லிய தோல் போர்த்து, அதனூடே இரத்தம் ஓடிக் கொம்பை வளர்க்கும். வளர்ந்து முடிந்ததும் மான் அத்தோலை மரத்தில் தேய்த்து நீக்கிவிடும். பெண்மானை நாடும் பருவம் கழிந்தபின் கொம்பே கழன்று விழும். மான் அதனைத் திரும்பியும் பாராது. அநித்தியம் என்று நாம் ஏட்டில் படிப்பதை மான் தன் தலையிலேயே சுமந்து, ஆண்டுக்கொரு முறை இறக்கி வைக்கின்றது. அது கைவிடுவதை மனிதன் கைவிட மாட்டேன் என்கின்றான். தானே விழப்போகும் ஒன்றுக்காக ஓர் உயிரை வாங்கி, அதனைச் சுவரில் அறைந்து, நிலையானது என்று மகிழுகின்றான். இதைவிடத் தெளிவாக உபாதானத்தை, அஃதாவது பற்றை, விளக்கும் உதாரணம் நமக்குக் கிட்டாது.

2. நம் நாட்டில் நடந்தது

இது வெள்ளையர் வழக்கம், நமக்கென்ன என்று சொல்லித் தப்ப இயலாது. மொகலாய மன்னர்கள் சிவிங்கிப்புலியைப் பழக்கி வெளிமானின்மீது ஏவினர். ஜஹாங்கீர் தம் பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயது வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்ட உயிர்கள் 28,532 என்றும், அவற்றுள் தம் கையாற் கொன்றவை 17,167 என்றும் கணக்கெடுத்துத் தம் வரலாற்றில் எழுதி வைத்தார். அதே மன்னர் தாம் வளர்த்த ஒரு மான் இறந்தபோது அதற்கு ஷேக்குபுராவில் ஒரு நினைவுத் தூணும் எழுப்பினார். ஒரு மானிடத்தில் அன்பும் ஆயிரம் மானிடத்தில் அன்பின்மையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும் என்பதற்கு இஃது சான்று.

மானைத் துரத்த வளர்த்த சிவிங்கிப்புலியின் கதி என்ன? 1947இல் கொரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து குனோ காட்டில் விட்டார்கள். வேட்டை இரையை மட்டும் தின்பதன்று, துணையையும் தின்றுவிடும்.

நம் மைசூர்ச் சீமைக்கு வருவோம். இன்று பந்திப்பூர் என்றும் நாகரஹொளே என்றும் நாம் அறியும் காடுகள் மைசூர் அரசர்களின் வேட்டைக் காடுகளாக இருந்தவை. மைசூர் நகரில் வான் இங்கன் என்னும் குடும்பத்தார் நடத்திய பாடம்செய்யும் தொழிற்சாலை 1900 அளவில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் புகழ்பெற்று நடந்தது. அரசர்களும் துரைமார்களும் கொன்ற புலி, சிறுத்தை, மான் தலைகள் அங்கே உயிருள்ளவைபோல ஆக்கப்பட்டு உலகமெங்கும் சென்றன. பின்னர் 1931இல் மகாராஜா 90 சதுர கிலோமீட்டர் காட்டைக் காப்பிடமாக்கினார்; 1941இல் அது வேணுகோபால வனவிலங்குப் பூங்கா என விரிந்தது; 1973இல் புலிகள் காப்பகமாயிற்று.

சென்னையில் உள்ளோர் கிண்டியை அறிவர். அது முதலில் கில்பர்ட் ரோடரிக்ஸ் என்பாருக்கு உரிய தனியார் வேட்டைக்காடு. 1821இல் அரசாங்கம் அதனை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் ஒதுக்குக் காடாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று புள்ளிமானும் வெளிமானும் மாநகரத்தின் நடுவே அங்கு மேய்கின்றன. வேட்டைக்காகக் கட்டிய வேலியே காப்பதற்குரிய வேலியாக மாறக் கூடும் என்பதற்கு இவ்விரண்டு இடங்களும் சாட்சி. கம்பியில் மாற்றமில்லை, கருத்தில்தான் மாற்றம்.

இன்னும் ஒன்றை நம் மக்கள் மறத்தலாகாது. அரசர் வேட்டையில் மேடைமீது அமர்ந்து சுட்டவர் ஒருவர். தப்பட்டை அடித்துக் கூச்சலிட்டுப் புதரில் நுழைந்து விலங்கைக் கலைத்தவர் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் காட்டுக் குறும்பரும் ஏழைக் குடியானவரும் ஆவர். சீறிவந்த விலங்கின் எதிரே நின்றது அவர்களுடைய உடல். சுவரில் ஏறியது அரசர் பெயர். குடியானவன் தன் பயிரைத் தின்ற மானை அரசர் காட்டில் அடித்தால் அது குற்றம். அரசர் விருந்தினரோடு வந்து அடித்தால் அது விளையாட்டு. இறந்த மாட்டின் தோலை உரித்துப் பிழைத்தவனை இச்சமூகம் தீண்டத்தகாதவன் என்று ஊருக்கு வெளியே வைத்தது; உயிருள்ள மானைக் கொன்று தோலை உரிப்பித்தவரை வீரர் என்று அரியணையில் வைத்தது. தாழ்வும் உயர்வும் செயலைக் கொண்டு அளக்கப்படவில்லை, பிறப்பைக் கொண்டு அளக்கப்பட்டன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பகவன் புத்தரோ பிறப்பால் எவனும் இழிந்தவன் அல்லன், செயலாலேயே இழிந்தவன் ஆகின்றான் என்று உரைத்தருளினார். அவ்வளவுகோலை வேட்டைக்கும் வைத்துப் பார்ப்போமாக.

3. நிக்ரோத மானின் சரிதம்

வேலிக்குள் வேட்டை புதிதன்று. ஜாதகக் கதைகளுள் நிக்ரோத மான் சரிதம் அதனையே சொல்லுகின்றது. காசி மன்னன் பிரமதத்தன் நாள்தோறும் மான் வேட்டைக்குப் போவான். போகும்போதெல்லாம் குடிமக்களை அவரவர் தொழிலை விட்டுத் தன்னோடு வரச் செய்வான். உழவும் நெசவும் வாணிகமும் கெட்டன. மக்கள் கூடி ஆலோசித்தார்கள். அரசனுடைய தோட்டத்தில் புல்லும் நீரும் அமைத்து, காட்டு மான்களை எல்லாம் தடிகொண்டு அதனுள் ஓட்டி, வாயிலை அடைத்துவிட்டு, "மகாராஜா! இனி உமக்கு வேண்டிய மானை இங்கேயே கொன்றுகொள்ளும், எங்களை எங்கள் வேலைக்கு விடும்" என்றார்கள்.

அன்பர்களே! வேட்டைப் பண்ணையின் பிறப்பை நன்கு நோக்குங்கள். வலியவனுடைய ஆசையின் சுமையைத் தாங்க மாட்டாத எளியவர், அச்சுமையைத் தம்மினும் எளிய உயிரின்மேல் இறக்கிவைத்தார்கள். அவர்களைப் பழிப்பது எளிது. கூலி இழந்து வயிறு காய்ந்தவர்கள் அவர்கள். ஆனால் துன்பம் அங்கே அழியவில்லை; இடம் மாறிற்று, அவ்வளவே.

தோட்டத்தில் அகப்பட்டவை இரண்டு மந்தைகள். ஒன்றுக்கு நிக்ரோதன் தலைவன். மற்றொன்றுக்குச் சாகன் தலைவன். அம்புபட்டுப் பல மான்கள் வீணே காயமுறுவதைக் கண்டு, நாளைக்கு ஒரு மந்தையிலிருந்து ஒரு மான் முறைவைத்துக் கொலைக்களம் செல்வதென ஏற்பாடாயிற்று. ஒருநாள் சாகனின் மந்தையில் சூல்கொண்ட பிணை ஒன்றுக்கு முறை வந்தது. ஈன்ற பின் வருகின்றேன் என்று அது வேண்ட, சாகன் முறையை மாற்ற மறுத்தான். நிக்ரோதன் தானே சென்று அதற்காகத் தலையைக் கொலைக்கட்டையில் வைத்தான். அரசன் ஓடிவந்து வியந்து, உனக்கும் அப்பிணைக்கும் அபயம் என்றான். மற்ற மான்களுக்கு? என்றது மான். அவற்றுக்கும் என்றான். தோட்டத்துக்கு வெளியே உள்ள மான்களுக்கு? நாற்கால் உயிர்கள் அனைத்துக்கும்? பறவைகளுக்கு? நீர்வாழ் மீன்களுக்கு? ஒவ்வொரு கேள்விக்கும் அரசன் இணங்கினான். தன் உயிர் தப்பியதும் வாயை மூடிக்கொள்ளாமல், அடுத்த உயிரைக் கேட்டுக்கொண்டே போனதுதான் அம்மானின் பெருமை. கல்வியினாலோ தொழிலினாலோ நம்மில் ஒருவர் மேலேறினால் எங்ஙனம் நடக்கவேண்டும் என்பதற்கும் இதுவே இலக்கணம்.

கதை இதனோடு முடியவில்லை. அபயம் பெற்ற மான்கள் பயிரை மேய்ந்தன; மக்கள் மறுபடியும் முறையிட்டனர். நிக்ரோதன் தன் மந்தையைக் கூட்டிப் பயிரைத் தொடலாகாது என்று கட்டளையிட்டான். குடியானவர் வேலி கட்டாமல் வயலைச் சுற்றி இலைக்கொத்தை அடையாளமாகக் கட்டினாற் போதும் என்றும் சொல்லியனுப்பினான். கருணை ஒருதலைப்பட்டதன்று, உழவனின் நெல்லும் அக்கதையில் மதிக்கப்படுகின்றது. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், பகவன் முதற்பேருரை நிகழ்த்திய சாரநாத்தின் மான்வனத்துக்கு இக்கதையையே காரணமாக எழுதியிருக்கின்றார்.

இதனை வெறுங்கதை என்பார்க்கு அசோகரைக் காட்டுவோம். முன்னரசர்கள் வேட்டையோடு கூடிய இன்பச்செலவு சென்றதையும், தாம் முடிசூடிய பத்தாம் ஆண்டுக்குப்பின் அதனை விட்டுத் தருமயாத்திரை மேற்கொண்டதையும் அவர் கல்லிலே வெட்டுவித்தார். அரண்மனை அடுக்களையில் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்ட வழக்கத்தைக் குறைத்து, இரு மயிலும் ஒரு மானும் என்று நிறுத்தி, அம்மானும் எப்போதும் இல்லை என்றும், இனி இம்மூன்றும் இல்லை என்றும் அறிவித்தார். இதில் நமக்கு ஆறுதல் தருவது அவருடைய நேர்மை. ஒரே நாளில் தூயவராகிவிட்டதாக அவர் சொல்லவில்லை; எஞ்சியதை எண்ணிச் சொன்னார். நம் கர்நாடகத்தில் சித்திரதுர்க்கப் பகுதியின் பிரம்மகிரிப் பாறையிலும், பெற்றோரைப் பணிக, உயிர்களிடத்து அன்பில் உறுதியாக நிற்க, உண்மை பேசுக என்னும் அவருடைய போதனை இன்றும் நிற்கின்றது.

4. கொலையின் ஐந்து அங்கங்கள்

நம் ஆசிரியர்கள் உயிர்க்கொலை நிறைவுறுவதற்கு ஐந்து அங்கங்கள் கூறுவர். எதிரே இருப்பது உயிர், அஃது உயிரென்று அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் மரணம். நடக்கும்போது காலடியில் அறியாமல் எறும்பு சாவதில் இரண்டாம் அங்கமும் மூன்றாம் அங்கமும் இல்லை. வேட்டைப் பண்ணையிலோ ஐந்தும் குறைவறப் பொருந்துகின்றன. முயற்சி பணம் கட்டும் நாளிலேயே தொடங்கிவிடுகின்றது. ஏவிக் கொல்வித்தலும் கொலையே ஆதலின், சுட்டவர், சுட்டிக் காட்டியவர், விற்றவர் மூவரும் இதில் பங்குடையர். உயிர்களை விற்றல், ஆயுதம் விற்றல் முதலிய ஐந்து வாணிகங்களை உபாசகர் செய்யலாகாது என்று பகவன் விலக்கியிருப்பதும் இதுபற்றியே.

5. ஆட்சேபங்களும் விடைகளும்

(அ) மான் பெருகினால் காடும் பயிரும் அழியுமே என்பர். இதில் உண்மை உண்டு. புலியும் ஓநாயும் இல்லாத நிலத்தில் கொண்டுவிட்ட மான் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிடும். ஆயினும் தொகையைக் குறைக்க விரும்புவோர் பெண்மானைக் குறைப்பர். கன்று ஈனுவது அதுவாகலின். டிராபி வேட்டைக்காரரோ கொம்பு பெருத்த ஆணையே தேடுகின்றார். மேலும், பண்ணைக்காரர் மானைக் குறைப்பதற்கு வளர்க்கவில்லை, சுடுவதற்கு வளர்க்கின்றார். ஆகவே இக்காரணம் அத்தொழிலுக்குப் பொருந்தாது.

(ஆ) வேட்டைப் பணத்தால் அருகிய இனங்கள் பிழைத்தன என்பர். பாகிஸ்தானில் அற்றுப்போன வெளிமானை மீண்டும் வளர்க்க, 1970இல் டெக்சாசிலிருந்தே சில மான்களைக் கொண்டுபோனார்கள் என்பது மெய். அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மான்கள் பிழைத்துத் திரும்பியது சுடப்படாமல் விடப்பட்டதனாலே. ஒரு செயலின் ஓரத்தில் நன்மை விளைந்தது என்பதனால், கொல்லும் எண்ணம் தூயதாகிவிடாது. சேதனையே கன்மம்.

(இ) "நீங்கள் ஆட்டிறைச்சி உண்ணவில்லையா?" என்பர். இக்கேள்விக்கு ஒளியாமல் விடை சொல்லவேண்டும். நம் இல்லங்களில் இறைச்சி உண்போர் உண்டு. சீலம் அவர்களையும் நோக்கித்தான் பேசுகின்றது. குறைத்துக்கொள்ளும் வழியில் நடப்பார்க்கு அது நன்று. ஆனால் உணவைக் கொண்டு சாதி அளப்பவரிடம் நாம் தலைகுனிய வேண்டுவதில்லை. பசிக்காக உண்பவன் பசி தீர்ந்ததும் நிற்பான். பெருமைக்காகக் கொல்பவனுக்கு நிற்குமிடம் இல்லை. அடுத்தவன் சுவரில் இன்னும் ஓர் அங்குலம் நீண்ட கொம்பு இருக்கின்றது. கொம்பின் நீளத்தை அளந்து பதிவதற்கென்றே 1892 முதல் இங்கிலாந்தில் ஒரு பதிவுநூல் வெளியிடப்பட்டு வந்தது. பசிக்கு அளவு உண்டு. மானத்துக்கு, அஃதாவது நான் மேல் என்னும் செருக்குக்கு, அளவில்லை.

6. நாம் செய்யத்தக்கது

இனி அம்மகனின் கேள்விக்கு வருவோம். தான் கொல்லுதல், பிறரைக் கொல்லத் தூண்டுதல், கொலைக்கு உடன்படுதல், கொலையைப் புகழ்தல் ஆகிய நான்கையும் பகவன் ஒருசேரக் கண்டித்திருக்கின்றார். சுடாமல் நிற்பவர் முதலாவதினின்று தப்பலாம். ஆனால் சுட்டவர் திரும்பிப் பார்த்து, எப்படி என்று கேட்கும்போது என்ன செய்வார்? கை தட்டினால் நான்காவது. சிரித்து நின்றால் மூன்றாவது. கீழே விழுந்த மானின் அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதில் அவர் முகமும் இருக்கும். ஆதலின் போகாதிருத்தலே சீலம் என்பது நம் விடை.

மேலதிகாரியின் அழைப்பை மறுப்பது எளிதென்று நாம் சொல்லவில்லை. ஆலையில் தறியோடு பல ஆண்டு கழித்த நாம், மேஸ்திரியின் முகம் கோணினால் மறுநாள் என்ன நேரும் என்பதை நன்கறிவோம். ஆகையால் மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. அவரைக் கொலைகாரர் என்று ஏசவேண்டா. அவருக்கு உபதேசம் செய்யவும் வேண்டா. "நான் பௌத்தன். உயிரைக் கொல்வதில்லை என்று விரதம் பூண்டவன். அன்று வர இயலாது, தாங்கள் அழைத்ததற்கு நன்றி" என்று நேரே சொல்லுதல் போதும். உடம்புக்கு முடியவில்லை என்று சாக்குச் சொன்னால் முதற் சீலத்தைக் காக்க நான்காம் சீலத்தை உடைத்ததாகும். அடுத்த ஆண்டும் அதே அழைப்பு வரும்.

பெங்களூரில் வாழும் நமக்கும் ஒரு சொல். பழைய பங்களாக்களை இடிக்கும்போது கிடைத்தது என்றும், யாரோ கொடுத்தது என்றும் மான்கொம்பும் மான்தோலும் சில வீடுகளில் இருக்கக் கூடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொம்பும் தோலும் டிராபி என்ற சொல்லில் அடங்கும். உரிய சான்றின்றி வைத்திருப்பது குற்றம். 2023 அக்டோபரில் இந்நகரில் புலிநகப் பதக்கம் அணிந்திருந்த ஒருவர் கைதானபின், பலர் அச்சமுற்றுத் தம் பெட்டிகளைத் திறந்து பார்த்தனர். 2024 சனவரியில் கர்நாடக அரசு இத்தகைய பொருள்களை ஒப்படைக்க 90 நாள் தவணையும் அறிவித்தது. செல்வர் வீட்டுச் சுவரில் இருந்தால் பாரம்பரியம் என்றும், ஏழை வீட்டு மூலையில் இருந்தால் திருட்டு என்றும் உலகம் பேசும். ஆதலின் நம்மவர் இதில் இரட்டிப்பு விழிப்போடு இருத்தல் வேண்டும். கிடைத்தாலும் வாங்கலாகாது, பரிசாகவும் ஏற்கலாகாது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று. நம் வீட்டில் புத்தர் படிமம் இருக்கும் சுவருக்கு எதிர்ச்சுவரில் அது தொங்கலாகாது என்பதனாலும்.

சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. சந்தர்ப்பமின்மைக்கும் சீலத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. காசி மக்கள் மான்களைத் தோட்டத்தில் அடைத்ததில் அவர்கள்மேல் குற்றம் எவ்வளவு, அரசன்மேல் எவ்வளவு?
3. கொலையின் ஐந்து அங்கங்களுள் வேட்டைப் பண்ணையில் இல்லாதது எது?
4. நிக்ரோத மான் தனக்கு அபயம் கிடைத்தபின் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்லுக. நாம் நம் அபயத்துக்குப்பின் யாருக்காகக் கேட்கவேண்டும்?

இவற்றை இல்லத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவீர்களாக. வேலிக்குள் நிற்கும் உயிரும், வேலிக்கு வெளியே நிற்கும் உயிரும், எல்லா உயிரும் அச்சம் நீங்கி இனிது வாழ்க.

நமோ புத்தாய!